சீட்டின் விலையும் மக்களின் மனமும்

அரிசியின் விலை ஏறினால் மக்கள் வருந்துவர். பேருந்துக் கட்டணம் ஏறினால் வாய்விட்டுக் குறைகூறுவர். இவை வாழ்க்கைக்கு இன்றியமையாதவை. ஆதலின் அவர்தம் வருத்தத்தில் வியப்பொன்றுமில்லை. ஆயின், வாங்காது விட்டாலும் வாழ்வில் குறைவு நேராத ஒரு பொருளின் விலை ஏறும்போதும் மக்கள் சினங்கொள்வர் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உள. அப்பொருளே பரிசுச் சீட்டு.

பரிசுச் சீட்டு உண்ணும் பொருளுமன்று, உடுக்கும் பொருளுமன்று. அது நம்பிக்கை அச்சிடப்பட்ட ஒரு துண்டுத் தாள். குலுக்கல் நடக்கும் வரையில் அதற்கு விலையுண்டு. நடந்த மறுகணமே பெரும்பாலான சீட்டுகள் குப்பைக்குச் செல்லும். இவ்வாறு நிலையில்லாத ஒன்றிற்கு எவர் விலை வைப்பது, அவ்விலையை எவர் உயர்த்துவது, உயர்ந்த விலையின் சுமை எவர் தலையில் விழுவது என்னும் வினாக்கள் எளியனபோல் தோன்றினும் ஆழமுடையவை. இவற்றிற்கு விடை காண இங்கிலாந்து நாட்டின் வரலாறு பெரிதும் துணைபுரியும். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசும் மக்களும் சீட்டின் விலையை முன்னிறுத்தி ஒருவரையொருவர் அளந்து பார்த்த வரலாறு அது.

பத்துச் சில்லிங் சீட்டு

இங்கிலாந்தின் முதல் அரசுப் பரிசுத் திட்டத்தை முதலாம் எலிசபெத் அரசியார் 1567ஆம் ஆண்டு அறிவித்தார். துறைமுகங்களைப் பழுதுபார்த்தலும் நாட்டின் வலிமையைப் பெருக்குதலும் அதன் நோக்கமெனக் கூறப்பட்டன. புதிய வரி விதித்தால் மக்கள் வெறுப்பர். பரிசு காட்டிப் பணம் கேட்டால் விரும்பித் தருவர் என்பது அரசின் கணக்கு.

மொத்தம் 400,000 சீட்டுகள். ஒரு சீட்டின் விலை 10 சில்லிங். முதற்பரிசின் மதிப்பு 5,000 பவுன். அதில் ஒரு பகுதி பணமாகவும் எஞ்சியது வெள்ளித் தட்டுகளாகவும் திரைச்சீலைகளாகவும் நல்ல துணிகளாகவும் வழங்கப்படும். சீட்டு வாங்கியோர்க்கு வேறொரு சலுகையும் அறிவிக்கப்பட்டது. கொலை, கொள்ளை, அரசத் துரோகம் போன்ற பெருங்குற்றங்கள் தவிர்ந்த சிறு குற்றங்களுக்காக அவர்கள் குறித்த காலத்தில் சிறைப்பிடிக்கப்படமாட்டார்கள் என்பதே அச்சலுகை.

இத்தனை இருந்தும் மக்கள் வாங்கவில்லை. ஏன்? 10 சில்லிங் என்பது அக்காலக் கைத்தொழிலாளிக்குப் பல நாள் கூலியாகும். அத்தொகையைக் கையில் வைத்திருந்தவனோ, அரசு சொன்னபடி பரிசு தருமா என்று ஐயுற்றான். நகரங்களையும் தொழிற்சங்கங்களையும் திருச்சபை வட்டங்களையும் வாங்கும்படி அரசு நெருக்கியது. அவர்களுட் பலர் தனித்தனியே வாங்காமல் கூட்டாகப் பணம் சேர்த்து வாங்கினர். 1569ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் மேற்கு வாயிலில் குலுக்கல் தொடங்கி, மே மாதம் 6ஆம் நாள் வரையில் நடந்தது. எதிர்பார்த்த தொகையில் மிகச் சிறு பகுதியே சேர்ந்தமையால், அறிவித்த பரிசுகளும் அதே அளவிற்குக் குறைக்கப்பட்டன.

இந்த முதல் நிகழ்ச்சியிலேயே ஓர் உண்மை புலப்படுகின்றது. விலை மிகுதியானபோது மக்கள் எதிர்த்துக் கூக்குரலிடவில்லை, கிளர்ச்சி செய்யவில்லை, பேசாமல் விலகி நின்றனர். அவர்தம் மௌனமே அரசுக்குக் கிடைத்த மறுமொழியாயிற்று. விலக இயலாதவர்கள் ஒன்றுகூடிப் பங்கிட்டுக்கொண்டனர். விலகுதல், கூடுதல் என்னும் இவ்விரு வழிகளும் பின்வந்த எல்லா நூற்றாண்டுகளிலும் தொடரக் காணலாம். மூன்றாவது வழியொன்றும் உண்டு. அது பின்னர் விளங்கும்.

மில்லியன் பவுன் திட்டம்

1694ஆம் ஆண்டு இங்கிலாந்து பிரான்சு நாட்டோடு நீண்ட போரில் ஈடுபட்டிருந்தது. போர்ச் செலவிற்குப் பணம் திரட்ட வேண்டி நாடாளுமன்றம் ஒரு பெருந்திட்டத்திற்கு இசைவளித்தது. அதனை வகுத்து நடத்தியவர் அரச நாணயச்சாலையின் தலைவராகிய தாமஸ் நீல் என்பார். சீட்டு ஒன்று 10 பவுன், 100,000 சீட்டுகள், மொத்தம் 1,000,000 பவுன். இதில் பரிசு பெறாத சீட்டும் வீணாகாது. ஆண்டிற்கு 1 பவுன் வீதம் 16 ஆண்டுகள் திரும்பக் கிடைக்கும். எனவே இது பாதி கடன், பாதி சூது எனலாம். தலையாய பரிசு பெற்றவர்க்கு ஆண்டுக்கு 1,000 பவுன் வீதம் 16 ஆண்டுகள் கிடைக்கும்.

எலிசபெத் அரசியார் காலத்துச் சீட்டைவிட இதன் விலை இருபது மடங்கு. ஆயினும் இச்சீட்டுகள் விற்றன. போட்ட முதல் முழுவதும் அழியாது என்னும் உறுதி இருந்ததே அதற்குக் காரணம். 10 பவுன் தனியே தரவியலாத சிறு வணிகரும் கைவினைஞரும் பலர் கூடி ஒரு சீட்டை வாங்கினர். விலையின் அளவை மட்டும் கண்டு மக்கள் அஞ்சுவதில்லை. விலைக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்பதையும், வாக்களித்தவர் வாக்கைக் காப்பாரா என்பதையும் சேர்த்தே எடைபோடுகின்றனர் என்பதை இவ்விரு திட்டங்களின் வேறுபாடு உணர்த்தும்.

அரும்பொருளகமும் மூன்று பவுன் சீட்டும்

சீட்டின் விலையேற்றம் நாடாளுமன்றம் வரை சென்று பெரும்பழியாக வெடித்தது 1753ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு சனவரியில் ஹான்ஸ் ஸ்லோன் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் காலமானார். தம் வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்த நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் இயற்கைப் பொருள்களையும் 20,000 பவுனுக்கு நாட்டிற்குத் தருமாறு அவர் தம் இறுதி முறியில் எழுதியிருந்தார். அரசின் கருவூலத்திலிருந்து அப்பணத்தைத் தர விருப்பமில்லாத நாடாளுமன்றம் பரிசுச் சீட்டின் துணையை நாடிற்று.

அதே ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி 100,000 சீட்டுகள், ஒன்று 3 பவுன் வீதம், விற்கப்படவேண்டும். சேரும் 300,000 பவுனில் 200,000 பவுன் பரிசுகளுக்கு. எஞ்சியதில் செலவு போக உள்ளது அரும்பொருளகத்திற்கு. நாட்கூலி ஏறத்தாழ 2 சில்லிங் பெற்ற இலண்டன் கூலியாளுக்கு 3 பவுன் என்பது முப்பது நாள் உழைப்பு. எனினும், நடுத்தர வருவாய் உடையோர் வாங்கக்கூடிய விலையே அது. ஒருவரே சீட்டுகளை அள்ளிக்கொண்டு விலையை ஏற்றிவிடலாகாது என்று கருதி, எவரும் 20 சீட்டுகளுக்கு மேல் வாங்கக்கூடாதெனச் சட்டம் வரையறை செய்தது.

வேலியே பயிரை மேய்ந்த கதை இங்கு நிகழ்ந்தது. சீட்டு விற்பனைக்குப் பொறுப்பேற்றிருந்த அதிகாரிகளுள் ஒருவராகிய பீட்டர் லெஹூப் என்பார், பொய்ப்பெயர்களைப் பதிந்து, பெருந்தொகையான சீட்டுகளைத் தமக்கும் தம்மைச் சார்ந்த பெருவணிகர்க்கும் ஒதுக்கிவிட்டார். பணத்தோடு வந்த பொதுமக்கள் சீட்டுகள் தீர்ந்துவிட்டன என்னும் மறுமொழியைக் கேட்டுத் திரும்பினர். 3 பவுனுக்குக் கிடைக்கவேண்டிய சீட்டு சந்தையில் மேல்விலைக்கு விற்கப்பட்டது.

மக்களின் சினம் பொங்கியது. அரசு விலையை ஏற்றியிருந்தால் அதனைப் பொறுத்திருப்பர். அன்றி வாங்காது விட்டிருப்பர். ஆனால் சட்டம் குறித்த விலை ஒன்று, கையில் கேட்கப்படும் விலை வேறொன்று என்னும் வஞ்சனையை அவர்களால் பொறுக்க இயலவில்லை. பொதுமக்கள் அவை இதுபற்றி உசாவல் நடத்தியது. லெஹூப் தம் பொறுப்பை மீறிச் சட்டத்திற்கு மாறாக நடந்தார் எனக் கண்டு, அவர்மீது வழக்குத் தொடருமாறு முடிவு செய்தது. நீதிமன்றம் அவருக்கு 1,000 பவுன் தண்டம் விதித்தது. அவர் ஈட்டிய ஊதியத்தை நோக்க அத்தண்டம் மிகச் சிறிது என்பதே மக்களின் பேச்சாக இருந்தது.

இருந்தும், அந்தச் சீட்டுகளின் வழியாக அரும்பொருளகத்திற்கு 95,000 பவுனுக்கு மேல் கிடைத்தது. அத்தொகையைக் கொண்டு ஸ்லோனின் சேகரிப்பும், ஹார்லி குடும்பத்தாரின் கையெழுத்துப் படிகளும், மாண்டேகு மாளிகையும் வாங்கப்பெற்றன. 1759ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் அரும்பொருளகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த அறிவுக் கருவூலங்களுள் ஒன்று சூதின் பணத்தில் எழுந்தது என்பதும், அப்பணம் திரட்டப்பட்ட முறையில் கறை படிந்திருந்தது என்பதும் ஒருசேர உண்மை. இவற்றுள் ஒன்றை மட்டும் மாணவர்க்குச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது.

பதினாறில் ஒரு பங்கு

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரிசுச் சீட்டு ஏறத்தாழ ஆண்டுதோறும் நடைபெறும் அரசு வருவாய்த் துறையாகிவிட்டது. முற்பகுதியிலேயே எழுத்தாளரும் ஓவியரும் இதன் கேட்டினை உணர்ந்திருந்தனர். ஓவியர் ஹோகார்த் 1724ஆம் ஆண்டளவில் இதனைக் கேலி செய்து சித்திரம் வரைந்தார். ஹென்றி பீல்டிங் 1732இல் இதனையே பொருளாக்கி ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். பொருளியல் அறிஞர் ஆடம் சுமித் 1776இல் வெளியிட்ட தம் நூலில், முதலில் வாங்குவோர் கொடுக்கும் விலைக்கே சீட்டு தகுதியுடையதன்று என்றும், அவ்வாறிருந்தும் அது சந்தையில் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது வரை மேல்விலைக்குப் போகின்றது என்றும் எடுத்துக்காட்டினார். மிகுதியாக வாங்குபவன் இழப்பை மிகுதியாக உறுதி செய்துகொள்கின்றான் என்பது அவர் கண்ட முடிவு.

விலை ஏறியதற்கு அரசின் நடைமுறையும் ஒரு காரணம். அரசு மக்களுக்கு நேரே விற்கவில்லை. குத்தகைதாரர்களிடம் மொத்தமாக ஏலம்போல் விற்றது. பெயரளவில் 10 பவுன் மதிப்புடைய சீட்டைக் குத்தகைதாரர் அதற்கு மேற்பட்ட விலை கொடுத்து வாங்கினர். மக்களிடம் 16 பவுனுக்கும் அதற்கு மேலும் விற்றனர். குலுக்கலோ பல நாள் நீடிக்கும். பெரும்பரிசுகள் இன்னும் உருளையினுள் இருக்க, வெறுஞ்சீட்டுகளே வெளிவந்துகொண்டிருந்தால், எஞ்சிய சீட்டுகளின் விலை நாளுக்கு நாள் மேலும் ஏறும்.

அந்தக் குலுக்கல் காட்சி பள்ளி மாணவர் அறியத்தக்கது. இலண்டன் கில்டு மண்டபத்தில் இரண்டு பெரிய உருளைகள் இருக்கும். ஒன்றில் எண்கள், மற்றொன்றில் பரிசு அல்லது வெறுமை. நீலநிற அங்கி அணிந்த கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் அறப்பள்ளியின் சிறுவர்கள் அவற்றினுள் கைவிட்டுச் சீட்டெடுப்பர். 1775ஆம் ஆண்டு ஒரு சிறுவனுக்குக் கையூட்டுக் கொடுத்து மோசடி செய்ய முயன்றது வெளிப்பட்டது. அதன்பின், சிறுவர்களின் சட்டைப் பைகள் தைத்து மூடப்படவேண்டும் என்றும், இடக்கை முதுகுப்புறம் இடைவாரில் செருகப்பட்டிருக்க வேண்டும் என்றும் ஆணை பிறந்தது. கல்வி கற்க வந்த பிள்ளைகளைச் சூதின் கருவியாக்கி, அவர்களையே ஐயுற்றுப் பையைத் தைத்த அரசின் செயலை எண்ணிப் பார்த்தல் தகும்.

விலை ஏறிய இக்காலத்தில் மக்கள் என் செய்தனர்? வசதியுடையோர் முழுச்சீட்டு வாங்கினர். மற்றையோர்க்காகத் தரகர்கள் ஒரு சீட்டைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் பதினாறில் ஒன்றாகவும் கூறுபோட்டு விற்றனர். அதனினும் சிறிதாகக் கூறுபோடச் சட்டம் இடந்தரவில்லை. 16 பவுன் சீட்டில் பதினாறில் ஒரு பங்கு 1 பவுன். அதாவது கூலியாளின் பத்து நாள் ஊதியம். அதையும் தரவியலாதவர் வீட்டு வேலைக்காரரும், தெருவில் கூவி விற்போரும், நாட்கூலிகளும் ஆவர். இவர்களுக்கெனவே எழுந்தது மூன்றாம் வழி.

அதனைக் காப்பீடு என்று அழைத்தனர், பெயர்தான் காப்பீடு. இன்ன எண் இன்ன நாளில் உருளையிலிருந்து வெளிவரும் என்று சில சில்லிங்குகளோ சில காசுகளோ கட்டிப் பந்தயம் வைப்பதே அது. சட்டம் இதனைத் தடைசெய்தது, தண்டங்கள் விதித்தது, எனினும் அடக்க இயலவில்லை. சிவந்த மொராக்கோத் தோலட்டைப் புத்தகங்களைக் கையிலேந்திய ஆள்கள் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினர். அந்தப் புத்தகங்களாலேயே அவர்களுக்கு மொராக்கோ மனிதர் என்னும் பெயர் வழங்கிற்று. இலண்டன் நீதிபதியாகிய பாட்ரிக் கல்ஹூன் 1796இல் வெளியிட்ட நூலில் இத்தொழிலின் பரப்பையும் அதனால் விளைந்த குடும்பச் சீரழிவையும் விரிவாக எழுதினார். வீட்டுப் பொருள்கள் அடகுக் கடைக்குச் சென்றன; பணியாளர் தலைவரின் பொருளைத் திருடினர்; குழந்தைகள் பட்டினி கிடந்தனர்.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். 1753இல் மேல்விலை கேட்கப்பட்டபோது நாடாளுமன்றமே கொதித்தெழுந்தது. ஏனெனில் அன்று ஏமாந்தோருள் குரலுடையோர் பலர் இருந்தனர். பிற்காலத்தில் விலை அதைவிடப் பன்மடங்கு ஏறியபோது ஏழைகளுக்காகப் பேசியவர் சிலரே. ஏழைகள் தாமும் பேசவில்லை. விலை ஏறியதென்று முறையிடாமல், விலை குறைந்த மறைவழியைத் தேடிச் சென்றனர். ஆகவே, சீட்டின் விலையை உயர்த்தினால் ஏழை சூதாடமாட்டான் என்று கருதியோர் கணக்கும் பொய்த்தது. விலை ஏற்றம் சூதைக் குறைக்கவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத இடத்திற்கு அதனைத் தள்ளிற்று.

முடிவும் மீட்சியும்

1808ஆம் ஆண்டு பொதுமக்கள் அவை அமைத்த குழுவொன்று இத்தீமைகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்பர்போர்ஸ் போன்றோர் அரசுப் பரிசுச் சீட்டையும் எதிர்த்தனர். அரசின் கையாலேயே மக்களின் ஒழுக்கம் கெடுவது முறையன்று என்பது அவர்தம் வாதம். கருவூலத்திற்கு வருவாய் குறையுமே என்பது அமைச்சர்களின் மறுவாதம். இறுதியில் அறத்தின் பக்கம் வெற்றி சாய்ந்தது. 1826ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கடைசிக் குலுக்கல் நடந்தது. கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டலின் பழைய மாணவராகிய கட்டுரையாளர் சார்லஸ் லேம், மறையப்போகும் பரிசுச் சீட்டிற்கு இரங்கல் கூறுவதுபோல் நகைச்சுவை ததும்பக் கட்டுரை எழுதினார் என்பது இலக்கிய மாணவர்க்குச் சுவை தரும் செய்தி.

அதன்பின் 168 ஆண்டுகள் இங்கிலாந்தில் அத்தகைய தேசியக் குலுக்கல் இல்லை. 1956இல் அறிவிக்கப்பட்ட பரிசுப் பத்திரத் திட்டம் வேறு வகையினது. அதில் முதல் அழியாது, வட்டியே பரிசாகும். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தேசியப் பரிசுச் சீட்டு மீண்டும் பிறந்தது. 1994ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் முதற்குலுக்கல் நடந்தது. 49 எண்களுள் 6 எண்களைத் தெரிந்தெடுக்க வேண்டும். விலை 1 பவுன். கேமலாட் என்னும் நிறுவனம் உரிமம் பெற்று அதனை நடத்தியது. வருவாயில் ஒரு பகுதி கலை, விளையாட்டு, மரபுச் செல்வம், அறப்பணி ஆகியவற்றிற்கு ஒதுக்கப்பட்டது.

ஒரு பவுன் இரு பவுனான வரலாறு

19 ஆண்டுகள் அந்த 1 பவுன் விலை மாறவில்லை. ஒற்றை நாணயத்தை நீட்டிச் சீட்டு வாங்குதல் மக்களின் வாராந்தர வழக்கமாயிற்று. 2013ஆம் ஆண்டு சனவரியில், விலை 2 பவுனாக உயரும் என்னும் அறிவிப்பு வந்தது. அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. மூன்று எண் பொருந்தியோர்க்கு 10 பவுன் என்றிருந்த பரிசு 25 பவுனாக உயர்த்தப்பட்டது. பெரும்பரிசும் கூடும் எனச் சொல்லப்பட்டது.

மக்கள் குறைகூறினர். செய்தித்தாள்களிலும் இணையத்திலும் கண்டனங்கள் எழுந்தன. ஒரே நாளில் விலையை இருமடங்காக்குவது அடாது என்றனர் பலர். நெடுங்காலமாக ஒரே எண்களையே எழுதி வந்தோர்க்கு ஓர் இக்கட்டு நேர்ந்தது. விட்டுவிட்டால் அடுத்த வாரமே அவ்வெண்கள் வந்துவிடுமோ என்னும் அச்சம் ஒருபுறம். தொடர்ந்தால் செலவு இருமடங்கு என்னும் கவலை மறுபுறம். சீட்டு வாங்குபவரை அவருடைய எண்களே கட்டிப்போடும் உளவியல் இதில் வெளிப்பட்டது. அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் கூட்டாக வாங்குவோர் தம் பங்குத்தொகையை உயர்த்துவதா, சீட்டுகளைக் குறைப்பதா என்று ஆராய்ந்தனர். எலிசபெத் அரசியார் காலத்துக் கூட்டு முறைக்கும் இதற்கும் வேறுபாடு பெரிதில்லை.

2015ஆம் ஆண்டு அக்டோபரில் இரண்டாவது மாற்றம் வந்தது. விலை ஏறவில்லை, எண்கள் 49இலிருந்து 59ஆயின. இரண்டு எண் பொருந்தியோர்க்கு இலவசச் சீட்டு ஒன்று வழங்கப்பட்டது. ஆனால் பெரும்பரிசு கிட்டும் வாய்ப்பு என்னவாயிற்று? 49 எண்களுள் 6 எண்களைத் தெரிந்தெடுக்கும் வழிகள் 13,983,816. 59 எண்களுள் தெரிந்தெடுக்கும் வழிகள் 45,057,474. வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே சென்றது. 2013 செப்டம்பரில் 1 பவுனுக்குக் கிடைத்த அதே அளவு வாய்ப்பை 2015 இறுதியில் பெற வேண்டுமாயின் ஏறத்தாழ 6 பவுன் 44 காசு செலவிட வேண்டும். சீட்டின் முகப்பில் அச்சிட்ட விலை இருமடங்கு. வாய்ப்பின் விலையோ ஆறு மடங்கிற்கு மேல். முதல் உயர்வு கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது உயர்வு கணக்குத் தெரிந்தவர்க்கே தெரிந்தது.

மாற்றத்தின் உடன்விளைவு ஒரு மயக்கமாக இருந்தது. வெல்வோர் அரிதாகவே பரிசுத்தொகை வாரந்தோறும் சேர்ந்து பெருகியது. 2016ஆம் ஆண்டு சனவரியில் அது 66 மில்லியன் பவுனைத் தொட்டது. மக்கள் முண்டியடித்து வாங்கினர். அந்த நிதியாண்டில் மொத்த விற்பனை ஏறத்தாழ 7.6 பில்லியன் பவுன். மயக்கம் தெளிந்த அடுத்த நிதியாண்டில் விற்பனை 6.9 பில்லியனுக்கு இறங்கியது. நிறுவனத்தின் தலைமை நிருவாகி 2017இல் பதவி விலகினார். அரசின் தணிக்கை அலுவலகம் 2017 இறுதியில் அளித்த அறிக்கை வேறோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. 2009-10ஆம் ஆண்டிற்கும் 2016-17ஆம் ஆண்டிற்கும் இடையே நிறுவனத்தின் ஊதியம் நூற்றுக்கு 122 உயர்ந்திருக்க, நற்பணிகளுக்குச் சென்ற தொகை நூற்றுக்கு 2 மட்டுமே உயர்ந்திருந்தது. நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவும் 2018இல் இதனை ஆராய்ந்தது. 2024 பிப்ரவரியில் உரிமம் வேறொரு நிறுவனத்திற்கு மாறியது.

விலை ஏறியபோது எழுந்த குரல் சில வாரங்களில் அடங்கிற்று. ஆனால் பணம் எங்கே செல்கின்றது என்னும் வினாவைத் தணிக்கையாளர்கள் கேட்க நான்கு ஆண்டுகள் ஆயின. மக்கள் கேட்கவேண்டிய முதல் வினா அதுவேயன்றோ?

அண்டையிலும் அதே கணக்கு

இங்கிலாந்தின் இவ்வரலாறு தொலைவிலுள்ள நாட்டுக் கதையென்று ஒதுக்கத்தக்கதன்று. சட்டத்திற்குப் புறம்பான சூதினைக் கட்டுப்படுத்தும் நோக்கோடு சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டு சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவப்பட்டது. அதன் வருவாய் தேசிய விளையாட்டரங்கம் எழவும் உதவியது. அவ்வரங்கம் 1973இல் திறக்கப்பட்டது. அங்கே அரும்பொருளகம்; இங்கே விளையாட்டரங்கம். இரண்டின் அடித்தளத்திலும் வென்றவர் பெயர் இல்லை. தோற்றவர் பணமே உண்டு.

2014ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நிறுவனத்தின் டோட்டோ குலுக்கலில் 45 எண்கள் 49ஆக்கப்பட்டன. 50 காசாக இருந்த குறைந்த கட்டணம் 1 வெள்ளியாயிற்று. முதற்பரிசின் குறைந்த அளவு 500,000 வெள்ளியிலிருந்து 1,000,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 45 எண்களுள் 6 எண்களைத் தெரிந்தெடுக்கும் வழிகள் 8,145,060. 49 எண்களுக்கோ, இங்கிலாந்தில் கண்ட அதே 13,983,816. முன்னர் 50 காசுக்குக் கிடைத்த வாய்ப்பிற்குப் பின்னர் ஏறத்தாழ 1 வெள்ளி 72 காசு வேண்டும். இரு நாடுகளிலும் ஒரே முறை: கண்ணுக்குத் தெரியும் விலை இருமடங்கு ஆகும்போது, கண்ணுக்குத் தெரியாத விலை அதனினும் மிகுதியாக ஏறுகின்றது, பெரிய பரிசு என்னும் பேரொளியில் அது மறைந்துவிடுகின்றது.

வரலாறு தரும் பாடம்

இந்நெடிய வரலாற்றைத் தொகுத்து நோக்கின், சீட்டின் விலை ஏறியபோதெல்லாம் மக்கள் மூன்று வழிகளுள் ஒன்றனைக் கைக்கொண்டனர் என்பது புலனாகும். சிலர் விலகினர். சிலர் கூடிப் பங்கிட்டனர். சிலர் மறைவழி சென்றனர். விலகியவர் தம்மைக் காத்துக்கொண்டனர். கூடியவர் சுமையைப் பகிர்ந்துகொண்டனர். மறைவழி சென்றவரே முற்றும் அழிந்தனர். அவ்வாறு அழிந்தோர் எக்காலத்தும் ஏழைகளே.

திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காது பொருட்பாலில் வைத்திருப்பது சிந்தனைக்குரியது. சூது தனிமனிதனின் ஒழுக்கக் குறைவு மட்டுமன்று. ஆட்சியோடும் பொருளோடும் பிணைந்த நாட்டுச் சிக்கல் என்பதை அவ்வைப்புமுறை குறிப்பால் உணர்த்துவதாகக் கொள்ளலாம். அரசு விலையை உயர்த்தினாலும் குறைத்தாலும், அதனால் யாருக்கு ஆக்கம், யாருக்கு இழப்பு என்று கேட்கும் குடிமக்கள் இருந்தாலன்றி நிலை மாறாது.

அக்கேள்வியைக் கேட்கும் ஆற்றல் வகுப்பறையில் விதைக்கப்பட வேண்டியதாகும். 13,983,816 என்பது கரும்பலகையில் வெறும் எண். ஆனால், வாரந்தோறும் சீட்டு வாங்கும் தந்தையின் சட்டைப்பையில் அது குடும்பத்தின் அரிசிப்பணம். கில்டு மண்டபத்தில் சிறுவர்களின் சட்டைப்பையைத் தைத்தார்கள். தைக்கப்பட வேண்டியவை பெரியவர்களின் பைகளாக இருந்தன. அந்தத் தையலைப் போடும் ஊசி கணக்கறிவு, நூல் வரலாற்றறிவு. இவ்விரண்டையும் மாணவர் கையில் கொடுப்பது ஆசிரியரின் கடன்.